நானூறால் வகுத்த சுபாங்

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தின் இன்றைய ஓடுபாதை 3,780 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். மாதிரி செய்வதற்காக இரண்டையும் 400-ஆல் வகுத்துப் பாருங்கள். நீளம் ஒன்பதரை மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைவு. அகலம் பதினொன்றேகால் சென்டிமீட்டர். கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் வாசற்படியில் தொடங்கி இந்த ஓடுபாதையை விரித்தால், கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசையைக் கடந்து, சமையலறைப் பக்கம் போய்த்தான் நிற்கும். ஓடுபாதைக்கே இவ்வளவு இடம் வேண்டுமென்றால் முனையக் கட்டடத்துக்கும், விமானங்கள் நிற்கும் தளத்துக்கும், ஹாங்கர்களுக்கும், சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் எங்கே போவது?

400 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. வார்ப்பு உலோக மாதிரி விமானங்களைச் சேகரிப்பவர்களிடம் மூன்று அளவுகள் நிலைத்துவிட்டன: 200-இல் ஒரு பங்கு, 400-இல் ஒரு பங்கு, 500-இல் ஒரு பங்கு. 70.7 மீட்டர் நீளமுள்ள போயிங் 747-200 முதல் அளவில் 35 சென்டிமீட்டர். நாலைந்து வாங்கினால் அலமாரி நிறைந்துவிடும். ஜெர்மனியின் ஹெர்பா நிறுவனத்தால் புகழ்பெற்ற 500 அளவில் அதே விமானம் 14 சென்டிமீட்டர். ஆனால் ஃபோக்கர் எஃப்27 போன்ற சின்ன விமானம் அதில் ஐந்தே சென்டிமீட்டராகி, சன்னல்கள் வெறும் புள்ளிகளாகிவிடும். நடுவில் நிற்பது 400. இதில் 747-க்கு 17.7 சென்டிமீட்டர், எஃப்27-க்கு 6.3 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும், உடலில் எழுதியிருக்கும் பெயரையும் வாசிக்க முடியும். ஜெமினி ஜெட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த அளவில் விமானங்களை வார்த்துக் குவித்ததால், மேசை மேல் விமான நிலையம் அமைப்பவர்களில் பலர் இங்கேயே வந்து சேர்கிறார்கள்.

இந்த அளவில் சுபாங் முழுவதையும் ஒரு வரைபடமாக நினைத்துக்கொள்வது நல்லது. சுபாங்கிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளான் நகரமும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 15 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, மற்றொன்று தென்மேற்கே. 400-இல் ஒரு பங்கில் இரண்டும் 38 மீட்டர் தள்ளி வரும். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வோ நூறு மீட்டருக்கும் அப்பால் போய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்களுக்குச் சுபாங் எவ்வளவு நடுவில் இருந்தது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

ஓடுபாதையில் 747-ஐ நிறுத்திப் பார்ப்பவர்கள் முதலில் திகைப்பார்கள். இறக்கைகளின் அகலம் 59.6 மீட்டர், மாதிரியில் 14.9 சென்டிமீட்டர். ஓடுபாதையின் அகலமோ 11.25 சென்டிமீட்டர். இறக்கைகள் இரு பக்கமும் புல்லின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அளவு தப்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் நிஜத்திலும் அப்படித்தான். ஓடுபாதை இறக்கைகளுக்காகப் போடப்படுவதில்லை, சக்கரங்களுக்காகப் போடப்படுகிறது. 747-இன் வெளிப்புறச் சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 11 மீட்டர்தான். எஞ்சிய அகலம் விமானம் நடுக்கோட்டிலிருந்து விலகினால் காப்பதற்கு.

இடப்பற்றாக்குறையைப் பெரிய நிறுவனங்களும் சமாளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் காட்சிக்கூடம் 2011-இல் க்னுஃபிங்கன் என்ற கற்பனை விமான நிலையத்தைத் திறந்தது. அளவு 87-இல் ஒரு பங்கு. விமானங்கள் ஓடி, எழும்பி, இறங்கும். அந்த அளவில் சுபாங் ஓடுபாதையை முழுதாகப் போட 43 மீட்டர் வேண்டும். அங்கும் ஓடுபாதையைச் சுருக்கித்தான் அமைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்பவருக்கு என் யோசனை வேறு: சுருக்காதீர்கள், வெட்டிவிடுங்கள். முனையமும் அதன் முன்தளமும் சரியான அளவில் இருக்கட்டும். ஓடுபாதை பலகையின் விளிம்பில் பாதியிலேயே நின்றாலும் பரவாயில்லை. சுருக்கிய ஓடுபாதையில் விமானங்களின் பருமன் பொய்யாகத் தெரியும். வெட்டிய ஓடுபாதையைப் பார்ப்பவரின் மனம் தானே நீட்டிக்கொள்ளும்.

இதுவரை பேசியது நீளத்தைப் பற்றி. வகுத்தல் நீளத்துக்கு மட்டுமே சரியாக வரும். எடையை 400-ஆல் வகுக்க முடியாது. வெளிச்சத்தை, நிறத்தை, மழையை, நேரத்தை, பார்ப்பவரின் கண்களை வகுக்க முடியாது. ஒரு மாதிரி விமான நிலையம் ஏன் நிஜமாகத் தெரிகிறது அல்லது ஏன் பொம்மையாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு விடை, வகுபட மறுக்கும் இந்தப் பொருள்களில்தான் இருக்கிறது.

எடையிலிருந்து தொடங்கலாம். நீளம் 400 மடங்கு குறைந்தால் பரப்பு 400 × 400, அதாவது 1,60,000 மடங்கு குறையும். கன அளவு 6 கோடியே 40 லட்சம் மடங்கு குறையும். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் எலும்புகளை எடுத்துக்காட்டி விளக்கிய விதி இது. பயணிகளும் எரிபொருளும் இல்லாத ஒரு 747-200 ஏறக்குறைய 170 டன். அதை 6 கோடியே 40 லட்சத்தால் வகுத்தால் 2.7 கிராம். மலேசியாவின் இப்போதைய 10 சென் நாணயம் அதைவிடக் கனமானது. கடையில் வாங்கும் உலோக மாதிரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது இதைப்போல் பல மடங்கு கனக்கும். காரணம், நிஜ விமானம் ஏறக்குறைய முழுவதும் வெற்று இடம். அதன் அலுமினியத் தோல் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை 400-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு, சமையலறையில் உணவு பொதியும் அலுமினியத் தாளில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய தோலால் எவரும் விமானம் செய்ய முடியாது. அதனால் மாதிரி விமானம் தடித்த சுவர் கொண்ட வார்ப்பாகிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தாங்கும் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, சுமை கன அளவைப் பொறுத்தது. சிறிதாக்கும்போது சுமை வலிமையைவிட 400 மடங்கு அதிகமாகக் குறைகிறது. குண்டூசி போன்ற சக்கரக் கால்களில் உலோக விமானம் உறுதியாக நிற்பதும், காகித அட்டைக் கூரை தொய்யாமல் இருப்பதும் இதனால்தான்.

வார்ப்புக்குப் பயன்படுவது துத்தநாகக் கலவை: பெரும்பகுதி துத்தநாகம், நான்கு விழுக்காடு அலுமினியம், துளி மெக்னீசியம். 385 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். தூய அலுமினியத்துக்கு 660 பாகை வேண்டும். தாழ்ந்த வெப்பத்தில் உருகுவதால் எஃகு அச்சுகள் நீடித்து உழைக்கும், நுண்ணிய வரிகளும் அழகாக விழும். ஆனால் இந்தக் கலவைக்கு ஒரு நோய் உண்டு. ஈயம் இதில் 0.005 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது தொழில் வரம்பு. அதைத் தாண்டினாலோ, தகரமோ காட்மியமோ கலந்துவிட்டாலோ, உலோகத்தின் படிகத் துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளை ஈரம் மெல்ல அரிக்கத் தொடங்கும். முதலில் மெல்லிய வெடிப்பு, பிறகு உப்பல், கடைசியில் இறக்கை உதிரும். இதற்கு மருந்து கிடையாது. வெப்பமும் ஈரமும் இதன் வேகத்தைக் கூட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இங்கே சேகரிப்பவர்கள் கண்ணாடிப் பேழைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் உலர்த்தி மீண்டும் போடுவது வீண் கவலை அல்ல. வேதியியல் கேட்கும் காவல் அது.

சாயத்துக்கும் தடிமன் உண்டு. தெளிப்பானால் மிக மெல்லிதாக அடித்த ஒரு பூச்சே ஒரு மில்லிமீட்டரில் 40-இல் ஒரு பங்கு இருக்கும். 400-ஆல் பெருக்கினால் அது நிஜ விமானத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் பூச்சு. தூரிகையால் மூன்று முறை தீட்டிய மாதிரி ஏன் கழுவாத பாத்திரம்போல் மொத்தையாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம்.

கண்களின் கதை இதைவிட விந்தையானது. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர். இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணிக்கிறது. நிஜ விமானத்தை 200 மீட்டர் தொலைவில் பார்க்கும்போது இரு கண்களின் காட்சிகளும் ஏறக்குறைய ஒன்றே. மாதிரியை அதற்குச் சமமான அரை மீட்டரில் வைத்துப் பார்க்கும்போது காட்சிகள் வெகுவாக வேறுபடுகின்றன. கணக்கிட்டால், மாதிரிக்கு முன் நிற்கும் நாம் கண்களுக்கு இடையே 26 மீட்டர் இடைவெளி உள்ள ஓர் அரக்கனாக நிற்கிறோம். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் மேசைமேல் இருப்பது சின்னப் பொருள் என்று மூளை உடனே கண்டுகொள்வது இப்படித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகைக்கு மேல் நான்கு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது தரையில் நிற்கும் மனிதனின் கண்மட்டத்திலிருந்து, அதே விமானத்தைப் பாருங்கள். அது மளமளவென்று வளர்ந்துவிடும்.

கேமராவுக்கு ஒரே கண். அதனால் அது எளிதில் ஏமாறும், எளிதில் ஏமாற்றவும் செய்யும். ஆனால் அதற்கு வேறு தொல்லை இருக்கிறது. நிஜ விமான நிலையத்தைத் தொலைவிலிருந்து படமெடுத்தால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழும். அரை மீட்டரில் மாதிரியை எடுத்தால் மூக்கு தெளிந்து வால் மங்கிவிடும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் தெளிவின் ஆழம் கூடும். ஆனால் மிகச் சிறிதாக்கினால் ஒளி விளிம்புகளில் வளைந்து படம் முழுவதும் மழுங்கும். அதனால் இன்று ஒரே காட்சியை வெவ்வேறு ஆழங்களில் குவித்துப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் தெளிந்த பகுதியையும் கணினியில் கோக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி மாதிரிக் கலைஞர்களிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. தொலைவில் உள்ள பொருளின் நிறம் காற்றால் வெளுத்துத் தெரியும், ஆகவே மாதிரிக்கு அடிக்கும் சாயத்தில் வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். கணக்கு என்ன சொல்கிறது? 20 கிலோமீட்டர் வரை கண்ணுக்கு எட்டும் தெளிந்த நாளில் 200 மீட்டர் காற்று ஒரு பொருளின் ஒளி-இருள் வேறுபாட்டில் நான்கு விழுக்காட்டைத்தான் விழுங்கும். அதற்காக வெள்ளையை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு எல்லா நாளும் தெளிந்திருப்பதில்லை. சுமத்ராவின் காட்டுத் தீப் புகை வந்து மூடிய 2005 ஆகஸ்டில், காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. பார்வை 500 மீட்டருக்குச் சுருங்கிவிட்ட நாளில் 200 மீட்டருக்கு அப்பால் உள்ள விமானத்தின் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். புகைமூட்ட நாள் ஒன்றைச் செய்ய விரும்புபவர் தாராளமாக வெள்ளையும் சாம்பலும் கலக்கலாம்.

சாதாரண நாளுக்குச் செய்த மாதிரியும் அறைக்குள் இருண்டு தெரிகிறதே என்றால், அதற்குக் காரணம் காற்று அல்ல, விளக்கு. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு எல்லா நிறங்களும் சோர்ந்து தெரியும். சாயத்தை மாற்றுவதற்கு முன் நல்ல விளக்கு ஒன்றை வாங்குவது மேல்.

இங்கே மாலைதோறும் கொட்டும் மழையை மாதிரியில் பெய்விக்கவே முடியாது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி 400 மடங்கில் 80 சென்டிமீட்டர் நீர் உருண்டை. தேங்கிய நீரும் அப்படியே. மூன்று மீட்டர் குட்டை மாதிரியில் ஏழரை மில்லிமீட்டர். அந்த அளவில் தண்ணீரைப் பரப்பு இழுவிசை ஆள்கிறது. தட்டையாகக் கிடக்க வேண்டிய நீர் குவிந்து, பளபளக்கும் முத்தாக நிற்கும். ஈரத் தளத்தை நிஜ நீரால் காட்டாமல் பளபளப்பான வார்னிஷால் காட்டுவது சோம்பலால் அல்ல. நேரமும் சொன்னபடி கேட்பதில்லை. பத்து மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒன்றரை நொடிக்குச் சற்றுக் குறைவாகும். மாதிரியில் அதே வீழ்ச்சி இரண்டரை சென்டிமீட்டர். அது இருபது மடங்கு விரைவாக முடிந்துவிடும், ஏனென்றால் விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. மாதிரிகளை வைத்துப் படம்பிடித்த திரைக்கலைஞர்கள் கேமராவை வேகமாக ஓடவிட்டு, காட்சியை மெதுவாகத் திரையிட்டதன் கணக்கு இதுதான்.

மண்ணும் புல்லும் விரைவில் சொல்லிவிடக் கூடியவை. இரும்பு ஆக்சைடு ஏறிச் சிவந்த நம்மூர் மண்ணை மெல்லிய துணியில் சலித்துத் தூவலாம், ஆனால் 0.1 மில்லிமீட்டர் துகளே நான்கு சென்டிமீட்டர் கல்லாகத் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. கடைகளில் விற்கும் இரண்டு மில்லிமீட்டர் செயற்கைப் புல் இந்த அளவில் இடுப்பளவு புதர். வெட்டிய புல்தரைக்குப் பச்சைத் தூள் மட்டும் போதும். ஓடுபாதை ஓர விளக்குகள் 60 மீட்டருக்கு ஒன்று, மாதிரியில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. அரை மில்லிமீட்டர் ஒளியிழை ஒவ்வொரு துளையிலும் எட்டிப் பார்த்தால் போதும். ஓடுபாதை ஓரத்துக்கு வெள்ளை, டாக்ஸிவே ஓரத்துக்கு நீலம்.

மேலே சொன்னவை எல்லாம் அளவு தெரிந்த பொருள்களின் சிக்கல்கள். 747-இன் நீள அகலங்கள் எந்த நூலகத்திலும் கிடைக்கும். கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது: சுபாங்கின் முதல் முனையத்தை எப்படி அளப்பது? அது இப்போது இல்லையே.

1965 ஆகஸ்ட் 30-இல் சுபாங் திறக்கப்பட்டது. அதுவரை கோலாலம்பூருக்குச் சுங்கை பெசிதான் விமான நிலையம். பூட்டி எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வடிவமைத்த சுபாங் முனையம், விரிந்த தலையுடைய தூண்களின் மேல் வளைந்து நின்ற கான்கிரீட் கூரையோடு, புதிதாய் விடுதலை பெற்ற நாட்டின் தன்னம்பிக்கையாகவே நின்றது. 1996-இல் விமான நிலையத்துக்குச் சுல்தான் அப்துல் அஜீஸ் ஷாவின் பெயர் வந்தது. 1998 ஜூன் மாதக் கடைசியில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டதும் பன்னாட்டு விமானங்கள் சிப்பாங்குக்குப் போயின. சில ஆண்டுகளில் பழைய முனையம் இடிக்கப்பட்டது. விமான நிலையம் இன்றும் இயங்குகிறது. 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்களும் திரும்பி வந்தன. ஆனால் அந்தக் கூரை போனது போனதுதான். அதை இடித்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் ஒரு தலைமுறையே கடல் கடந்து போகவும் வரவும் மிதித்த தரை அது.

ஆகவே மாதிரி செய்பவர் அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1960-களின் கடைசி என்றால் தளத்தில் காமெட் 4 நிற்கலாம். அது 400 அளவில் எட்டரை சென்டிமீட்டர். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிரிந்து 1972 அக்டோபரில் மலேசிய ஏர்லைன் சிஸ்டம், மக்கள் வாயில் மாஸ், பறக்கத் தொடங்கியது. 1976-இல் டிசி-10 வந்தது, 1982-இல் 747 வந்தது. வாலில் இருந்த வாவ் பட்டச் சின்னமும் வண்ணமும் 1987-இல் மாறின. புதிய வண்ணத்து 747-ஐயும் காமெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அது எந்த நாளிலும் இருந்திராத சுபாங்.

இந்தப் பட்டியல் இன்னொரு வேலையும் செய்யும். தேதி எழுதாத ஒரு பழைய புகைப்படத்தின் பின்னணியில் 747-இன் கூனல் முதுகு, மாஸ் வண்ணத்தில், தெரிந்தால் அந்தப் படம் 1982-க்குப் பிந்தியது. வாலில் பழைய வண்ணமும் இருந்தால் 1987-க்கு முந்தியது. ஐந்தே ஆண்டுகளுக்குள் கட்டிவிடலாம்.

புகைப்படத்திலிருந்து அளவெடுப்பது தனிக் கலை. பின்னால் தெரியும் கட்டடத்தையும் முன்னால் நிற்கும் விமானத்தையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். இரண்டையும் இணைப்பது தரை. விமானம் நிற்கும் தளம் கான்கிரீட் பாளங்களால் ஆனது. பாளங்களின் இணைப்புக் கோடுகள் படத்தில் கட்டம் கட்டமாக ஓடும். 747-இன் மூக்குச் சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரங்களுக்கும் இடையே 25.6 மீட்டர். இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இடையில் எத்தனை பாளங்கள் என்று எண்ணினால் ஒரு பாளத்தின் நீளம் கிடைத்துவிடும். பிறகு பாளங்களை எண்ணிக்கொண்டே முனையத்தின் அடிவரை போகலாம். கோடுகள் மங்கிப் பாளங்களை எண்ண முடியாத இடத்தில் கணிதம் கைகொடுக்கிறது. ஒரே நேர்கோட்டில் உள்ள நான்கு புள்ளிகளை எந்தக் கோணத்திலிருந்து படமெடுத்தாலும், அவற்றின் இடைவெளிகளிலிருந்து கணக்கிடும் ஒரு குறிப்பிட்ட இரட்டை விகிதம் மாறாது. ஒவ்வொரு இடைவெளியும் சுருங்கும், நீளும். அந்த விகிதம் மட்டும் அப்படியே இருக்கும். மூன்று புள்ளிகளின் உண்மைத் தூரம் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

உயரத்துக்கு நிழல் இருக்கிறது. சுபாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையை ஒட்டி இருப்பதால், மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எடுத்த வான்படத்தில் நிழலே இராது, உயரமும் கிடைக்காது. ஜூன் கடைசியில் உச்சிவேளையில் பத்து மீட்டர் தூணின் நிழல் தெற்கே 3.7 மீட்டர் விழும். டிசம்பர் கடைசியில் அதே நிழல் வடக்கே ஐந்து மீட்டர். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே பருவத்தைச் சொல்லிவிடும். நேரத்தில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிவைத்தது. அதற்கு முன் சுபாங்கில் சூரியன் உச்சிக்கு வந்தது சுமார் பன்னிரண்டே முக்கால் மணிக்கு. அதற்குப் பின் ஒன்றேகால் மணிக்கு. 1979-இல் எடுத்த படத்தில் சுவர்க் கடிகாரம் தெரிகிறது என்று மகிழ்ந்து இன்றைய நேரத்தை வைத்துக் கணக்கிட்டால், சூரியன் ஏழரைப் பாகை தவறி நிற்கும்.

வளைந்த கான்கிரீட் கூரையை அளப்பதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் மெக்சிகோவின் ஃபெலிக்ஸ் கன்டேலா போன்றவர்கள் சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள கான்கிரீட் ஓடுகளை வளைத்து வானில் நிறுத்தினார்கள். வலிமை தடிமனில் இல்லை, வளைவில் இருக்கிறது. சுமையின் பெரும்பகுதி ஓட்டின் தளத்திலேயே அழுத்தமாகவும் இழுவிசையாகவும் ஓடித் தூணில் இறங்கிவிடும். சேணம்போல் இரு திசையில் வளைந்த பரப்புக்கு இன்னொரு சிறப்பு, அதை முழுவதும் நேர்கோடுகளாலேயே உருவாக்கலாம். வளைந்த கூரைக்கு நேரான பலகைகளால் அச்சடைப்பு செய்ய முடிந்தது அதனால்தான். மாதிரி செய்பவரும் கோணலான நாற்கரச் சட்டம் ஒன்றில் நூல்களை இறுக்கிக் கட்டி அதே வளைவைப் பெறலாம். எட்டு சென்டிமீட்டர் ஓடு 400-இல் ஒரு பங்கில் 0.2 மில்லிமீட்டர், ஒரு நல்ல அட்டைத்தாளின் தடிமன். விமானத்தின் தோலுக்கு மறுக்கப்பட்ட நேர்மை இந்தக் கூரைக்கு வாய்க்கிறது. உண்மைத் தடிமனிலேயே செய்துவிடலாம்.

இவ்வளவு கணக்குக்கும் மூலப்பொருள் படங்கள். அதிகாரபூர்வப் படங்கள் முனையத்தை முகப்பிலிருந்து காட்டும். தூணின் அடி, படியின் உயரம், கைப்பிடிச் சுவர், கூரையின் உட்பக்கம் போன்றவை விழுந்திருப்பது குடும்பப் படங்களில்தான். மலேசியத் தமிழர்களான நம்மவர்களிடம் அவை நிறைய உண்டு. சென்னைக்கும் பினாங்கு, கிள்ளான் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்து நின்றுபோன பிறகு ஊருக்குப் போகும் வழி சுபாங் என்றே ஆனது. ஒருவர் பயணம் போனால் வேன் நிறைய ஆட்கள் வழியனுப்ப வந்தார்கள். மாலை போட்டார்கள், தூணோரமாக வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் நிற்கும் பாட்டியின் உயரம் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். அவர் பக்கத்தில் நிற்கும் தூணுக்கு அவர்தான் அளவுகோல்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய புறநகர்களிலும் இந்த ஆல்பங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அதே ஈரமும் பூஞ்சையும் அவற்றையும் தின்கின்றன. உங்கள் வீட்டில் சுபாங் படம் இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். விளிம்பை வெட்டாதீர்கள், விளிம்பில்தான் கூரை இருக்கும். யார் யார் நிற்கிறார்கள், எந்த ஆண்டு, யாரை வழியனுப்ப என்று தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். யாருடைய உயரமாவது சென்டிமீட்டரில் தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள்.